வலிக்காத கேள்விகள்

இசக்கியம்மாளின் கூற்றை உடைக்கப் பேராசிரியர் மாசிலாமணிக்குப் பத்தொன்பது நிமிடங்கள் ஆயின. வகுப்பறை என்றால் பத்து நிமிடம் போதும். இது விசாரணைக் குழு என்பதால் கொஞ்சம் நிதானமாகப் போனார்.

பொருநைப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் கட்டிடம். வியாழக்கிழமை காலை பதினோரு மணி. கூட்ட அறையில் ஏ.சி. தேவைக்கு மேல் குளிர்ந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் பதிவாளர் அருமைநாதனும், சென்னையிலிருந்து அழைத்து வரப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி அம்மாள் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் தனியாகப் போட்ட நாற்காலியில் இசக்கியம்மாள். எம்.ஏ. தத்துவம், இரண்டாம் ஆண்டு. கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவள் போல இருந்தாள்.

விஷயம் இதுதான். எட்டு நாள் முன்பு மகளிர் விடுதியின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய சுடலைமுத்து என்ற துப்புரவுத் தொழிலாளி மூச்சடைத்து இறந்துபோனார். குடித்துவிட்டுத் தானாகவே இறங்கிவிட்டார் என்று பராமரிப்பு மேற்பார்வையாளர் கோமதிநாயகம் எழுதிக் கொடுத்திருந்தார். தானாக இறங்கினால் அது விபத்து. யாராவது இறக்கிவிட்டிருந்தால் குற்றம். இறங்கச் சொல்லி அதட்டிய குரலைத் தன் காதால் கேட்டேன் என்று சொன்னவள் இசக்கி ஒருத்திதான். செத்தவரைப் பற்றி எந்தச் சொல் நிற்கப்போகிறது என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் இருந்தது.

தொடங்குவதற்கு முன் நீதிபதி அம்மாள் மாசிலாமணியின் தலையை எட்டிப் பார்த்தார்.

"அது என்ன சார், காதுக்குப் பின்னாடி? குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வெச்ச மாதிரி?"

பதிவாளருக்கு இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் ரொம்பப் பிடிக்கும். "தணிப்பான்னு பேரும்மா. பிள்ளைங்க காதுப்பொட்டும்பாங்க. நாம நம்புத ஒண்ணை ஒருத்தர் வந்து தப்புன்னு சொன்னா, உடம்பு அதை அடி விழுந்த மாதிரியே எடுத்துக்கிடும். நெஞ்சு படபடங்கும், காது சுடும், கோவம் வரும். பெறகு எங்க யோசிக்க? சண்டைதான். இந்தப் பொட்டு அந்த அடிய மட்டும் நிப்பாட்டிரும்."

"அப்போ வலிக்காதா?"

"கேள்வி வலிக்காது, அம்புட்டுதான். புத்தி அப்படியே இருக்கும். சாக்ரடீஸ் முறையில கேள்வி கேட்டுப் பாடம் நடத்துனா முந்தியெல்லாம் பிள்ளைங்க அழுதுட்டு ஓடிரும். இப்ப பாருங்க. நாலு வருசம் முன்ன இழுத்து மூடுததா இருந்த துறை. இன்னைக்கு எடம் கெடைக்காது. எல்லாம் நம்ம சார் செஞ்சது."

"எனக்கும் ஒண்ணு ஒட்டணுமா?"

"விருப்பப்பட்டா."

"வேண்டாம். எனக்கு எதை ஒட்டினாலும் அரிக்கும்," என்றார் அந்த அம்மாள்.

முறையையும் பதிவாளரே சொன்னார். கூற்று வைத்தவர் நாற்காலியில் உட்கார வேண்டும். கேட்பவர் கேள்வி மட்டும்தான் கேட்கலாம், தன் கருத்து என்று எதையும் சொல்லக் கூடாது. பதில் மூன்றுதான்: ஆமாம், இல்லை, தெரியவில்லை. பதில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் எழுந்து நின்று, 'இந்தக் கூற்றைக் கைவிடுகிறேன்' என்று சொல்லிவிட வேண்டும். கேட்பவரிடம் கேள்வி தீர்ந்துபோனால் கூற்று நின்றதாகக் கணக்கு. நான்கு வருடத்தில் எந்தக் கூற்றும் நின்றதில்லை. சீக்கிரம் கைவிடுகிற மாணவருக்குத் துறையில் மதிப்பெண் அதிகம். பிடித்ததையே பிடித்துக்கொண்டு தொங்காமல் இருப்பதுதான் சிந்தனை என்பது அங்கே பாடம். வெளியே இருந்து கேட்கும் நமக்குச் சிரிப்பு வரலாம். மதிப்பெண் வருகிற விஷயத்தில் உள்ளே யாரும் சிரிப்பதில்லை.

மாசிலாமணி ஆரம்பித்தார்.

"அன்று மாலை மூன்றரை மணிக்கு விடுதியின் பின்பக்கப் படிக்கட்டில் இருந்தீர்களா?"

"ஆமாம்."

"அங்கிருந்து பார்த்தால் தொட்டி தெரியுமா?"

"இல்லை."

"பேசியவரின் முகத்தைப் பார்த்தீர்களா?"

"இல்லை."

"கோமதிநாயகத்தின் குரலை அதற்கு முன் ஒரு தடவைக்கு மேல் கேட்டதுண்டா?"

"இல்லை."

"சாவுச் செய்தி தெரிந்த பிறகுதானே அந்தக் குரலைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தீர்கள்?"

"ஆமாம்."

"பின்னால் வந்த செய்தி முன்னால் இருந்த நினைவை மாற்றிவிடும் என்று முதல் பருவத்தில் படித்தோமா?"

"ஆமாம்."

"உங்கள் நினைவு அப்படி மாறவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?"

இதற்கு மட்டும் இசக்கி மடியிலிருந்த கைகளை இடம் மாற்றி வைத்தாள். "தெரியவில்லை."

"அப்படி ஒருவர் சத்தம் போட்டிருந்தால் அக்கம்பக்கத்தில் வேறு யாருக்காவது கேட்டிருக்க வேண்டும் அல்லவா?"

"ஆமாம்."

"வேறு யாருக்காவது கேட்டதாக உங்களுக்குத் தெரியுமா?"

"இல்லை."

மாசிலாமணி பேனாவை மூடி வைத்தார். இசக்கி எழுந்து நின்றாள். வீட்டுக்கணக்கில் ஒரு தப்பைத் திருத்துகிற குரலில், "இந்தக் கூற்றைக் கைவிடுகிறேன்," என்றாள். பிறகு வாசல்வரை போனவள் திரும்பி, "சார், இந்த நேரத்துக்கு எனக்கு அட்டெண்டன்ஸ் உண்டா?" என்று கேட்டாள். உண்டு என்றார் மாசிலாமணி.

கதவு சாத்திய பிறகு நீதிபதி அம்மாள் தன் காகிதத்தில் ஒன்றும் எழுதாமல் இருந்தார். "அந்தப் பொண்ணு முகமே மாறலையே," என்றார்.

"அதுக்குத்தானேம்மா," என்றார் பதிவாளர்.

மாசிலாமணி ஒரு காலத்தில் கோபக்காரர். ஒழுங்காகப் படிக்காமல் வந்து அளக்கிற மாணவன் மீது சாக்பீஸ் பறக்கும். நல்ல வாதம் ஒன்று கிடைத்துவிட்டால் காரிடாரில் நின்று கூப்பாடு போடுவார். தன்னிடம் கேள்வி கேட்டு மடக்கிவிட்ட ஒரு பையனோடு மூன்று வாரம் பேசாமல் இருந்தவர். பொட்டை முதலில் தன் காதில்தான் ஒட்டிப் பார்த்தார். அந்தப் பையன் மடக்கியது சரிதான் என்று அன்றே புரிந்தது. எவ்வளவு லேசாக இருந்தது! அதிலிருந்து காலையில் ஒன்று, மதியம் ஒன்று. இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமையும் ஒட்டிக்கொள்கிறார். சொதியில் உப்பில்லை என்று தோன்றும். இல்லாவிட்டால் என்ன என்றும் தோன்றும். சாப்பிட்டு எழுந்துவிடுவார். "உங்ககிட்ட சண்டை போடுததும் ஃபிரிட்ஜ்கிட்ட சண்டை போடுததும் ஒண்ணுதான்," என்று சொல்லிவிட்டு அவர் மனைவி புஷ்பம் சண்டை போடுவதையே விட்டுவிட்டாள். வீட்டில் நிம்மதி என்று அவர் அதை எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவர் அறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு துணிப்பை.

"தத்துவம் சொல்லிக் குடுக்குத சார் நீங்கதானே?"

"ஆமாம். நீங்க?"

"மாரிச்செல்வி. சுடலைமுத்து வீட்டுக்காரி."

"உள்ள வாங்கம்மா. உக்காருங்க."

"நிக்கேன் சார். ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன். அந்தப் பிள்ள இசக்கி எங்க வீட்டுக்கு வந்துச்சு. மொகத்துல ஒண்ணுமே இல்லாமத்தான் சொல்லிச்சு, ஆனா சொல்லிச்சு, அதட்டுனது கேட்டுச்சுக்கான்னு. வியாழக்கெழம உங்ககிட்ட வந்துட்டுப் போய், இப்ப இல்லங்குது. நீங்க அதுட்ட என்ன கேட்டீய?"

"அவ இல்லன்னு சொல்லலம்மா. உறுதியாத் தெரியாதுன்னு ஒத்துக்கிட்டா. ரெண்டும் வேற வேற."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார். குடிச்சிட்டு அவியளே எறங்குனாவன்னு எழுதிட்டாவ. எம்மவ பள்ளிக்கூடத்துல அதைச் சொல்லிக் கேக்காவ. அவிய குலசை அம்மனுக்கு மாலை போட்டு வெரதம் இருந்தாவ சார். தசராவுக்கு இருவது நாளு கெடக்கு. மாலையோட குடிப்பாவளா?"

கேள்வி அவர் வாயில் தானாக வந்தது. "மாலை போட்டவங்க யாருமே குடிச்சதில்லையா?"

"குடிச்சவனும் உண்டு."

"அப்ப மாலை போட்டிருந்தாருங்கிறதால மட்டும் அவர் குடிக்கலன்னு சொல்ல முடியுமா?"

வகுப்பில் என்றால் இந்த இடத்தில் மாணவர் எழுந்து நின்றுவிடுவார். இவள் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"அவிய குடிக்கல சார்."

"நான் கேட்டது அது இல்லம்மா."

"நீங்க கேட்டது எவனையோ பத்தி. நான் சொல்லுதது எங்க வீட்டு ஆளப் பத்தி. பதினஞ்சு வருசம் ஒரு தட்டுல தின்னுருக்கோம்."

அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. காது சிவந்திருந்தது. மாசிலாமணி அதைக் கவனித்தார். வகுப்பறையில் நான்கு வருடமாகப் பார்க்காத காட்சி. பதிவாளர் விருந்தாளிகளுக்கு விவரிப்பது இதைத்தான் என்று நினைத்துக்கொண்டார்.

மாரிச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். தத்துவத் துறையின் பின்சுவருக்கும் விடுதிக்கும் நடுவில் பத்தடி கூட இருக்காது. புதிதாகப் பூசிய சிமெண்ட் மூடி வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தது.

"அதுவா சார் அந்த எடம்?"

"ஆமாம்."

"இம்புட்டுக் கிட்டவா?" அவள் இன்னும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு நீங்க எங்க சார் இருந்தீய?"

"இங்கதான்."

"ஜன்னல்?"

"தொறந்திருந்துது."

"அப்ப உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுது," என்றார் மாசிலாமணி.

இதைச் சொல்ல அவர் தயங்கவே இல்லை. இத்தனை நாளில் அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை, இப்போது ஒருத்தி கேட்கிறாள், பதில் ஆமாம் என்பது. அவருக்கு அவ்வளவுதான்.

மாரிச்செல்வி திரும்பினாள். "என்ன கேட்டுச்சு?"

"கோமதிநாயகம் சத்தம். பதினோரு வருசமாப் பழகுன சத்தம். 'மாலை போட்டா வேலை செய்ய மாட்டியோ, சாமியாராயிட்டியோ, எறங்குல'ன்னாரு. கொஞ்ச நேரத்துல ஒரு வாளி விழுந்த சத்தம்."

"பெறகு?"

"பெறகு நான் அதைப் பரிசோதிச்சேன்."

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவளிடம் காட்டினார். நாள்தோறும் தன் நம்பிக்கை ஒன்றை எடுத்துத் தானே கேள்வி கேட்டு எழுதுவது அவர் பழக்கம். மாணவர்களுக்கும் அதைத்தான் சொல்லித் தருகிறார். அன்றைய தேதியில் கேள்விகள் வரிசையாக இருந்தன. முகத்தைப் பார்த்தேனா? இல்லை. அந்தக் குரல் போல இன்னொரு குரல் இருக்க முடியாதா? முடியும். கோமதிநாயகம் மீது எனக்கு ஏற்கெனவே வெறுப்பு உண்டா? ஆமாம். வேறு யாருக்காவது கேட்டதாகத் தெரியுமா? இல்லை. அதற்குக் கீழே நேரம் போட்டு, நாலு பத்து, கைவிடப்பட்டது என்று எழுதி அழகாக ஒரு கோடும் இழுத்திருந்தார். நாலு பத்துக்கு அங்கே தீயணைப்பு வண்டி வந்து நின்றுகொண்டிருந்தது.

மாரிச்செல்வி எட்டாவது வரை படித்தவள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். கடைசிக் கேள்வியில் விரல் நின்றது.

"வேற யாருக்கும் கேட்டதாத் தெரியலன்னு போட்டிருக்கீய. அந்தப் பிள்ளைக்குக் கேட்டுச்சுலா?"

"அது பெறகுதான் தெரியும்."

"பெறகுன்னா? வியாழக்கெழமைக்கு முன்னயா, பின்னயா?"

"முன்ன."

"அந்தப் பிள்ளைட்டயும் இந்தக் கேள்விய கேட்டீயளா?"

"கேட்டேன்."

"அது என்ன சொல்லிச்சு?"

"வேற யாருக்கும் கேட்டதாத் தெரியாதுன்னா."

அவள் நோட்டை மேசையில் வைத்தாள். "ரெண்டு பேருக்குக் கேட்டிருக்கு. ரெண்டு பேரும் தனக்கு மட்டுந்தான்னு விட்டுட்டீய."

மாசிலாமணி விளக்கினார். கைவிட்ட கூற்று கைவிட்டதுதான், அதை மறுபடி நினைவுக்குக் கொண்டுவராமல் இருப்பதே பயிற்சி. கைவிட்டதைச் சபையில் சாட்சியாக வைப்பது முறையும் ஆகாது. சொல்லச் சொல்ல எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மாரிச்செல்வி முழுவதையும் கேட்டாள். பொறுமையாகத்தான் கேட்டாள்.

"அன்னைக்கே ஏன் சார் சொல்லல?"

ஆமாம், இல்லை, தெரியவில்லை. மூன்றையும் வைத்துப் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை. நேர்மையாக யோசித்ததில் ஒன்று கிடைத்தது.

"வலிக்கலம்மா. இந்தப் பொட்டு வலிக்க விடாது. அதனாலதான்னு நெனைக்கேன்," என்று காதுக்குப் பின்னால் தொட்டுக் காட்டினார்.

அவள் அவரை அடித்திருந்தால்கூட நியாயம்தான். அடிக்கவில்லை. "அந்தச் சவத்த எடுங்க," என்றாள்.

காதுக்குப் பின்னால் கையை விட்டு உரித்தார். பொட்டு உரிந்து வந்துவிட்டால் உடனே தணிப்பும் நின்றுவிடும். மேசை ஓரத்தில் அதை ஒட்டி வைத்துவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். மின்விசிறி சுற்றியது. வெளியே யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனார்கள். கால்மணி நேரம் ஆகியிருக்கும்.

"ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல," என்றார்.

மாரிச்செல்வி அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் எதையோ தேடினாள், கிடைக்கவில்லை, தேடுவதை விட்டாள்.

"சரி, விடுங்க. வலிக்காட்டி எழுதக் கூடாதா? கை இருக்குலா. எழுதுங்க."

எழுதினார். எழுதும்போது கை நடுங்கியது என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. நடுங்கவில்லை. எழுத்து முத்து முத்தாக வந்தது. நான் கேட்டேன், இன்னார் குரல், இன்ன சொல், இன்ன நேரம். கையெழுத்துப் போட்டு அவள் கண் முன்னாலேயே பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கினார்.

பதிவாளர் பொட்டு ஒட்டுகிற ஆளில்லை. மற்றவர்களுக்கு விற்கிற ஆள். மத்தியானமே வந்து குதித்தார். "ஒமக்கு என்ன கிறுக்கா வேய்? முடிஞ்ச கேஸு. அடுத்த மாசம் டெல்லியிலேருந்து நம்ம முறையப் பாக்க வாரான். நீரே போய் அந்தச் சேர்ல உக்காருவேங்கீரு."

"நீதிபதி அம்மாவுக்கும் ஒரு நகல் அனுப்பிட்டேன்," என்றார் மாசிலாமணி.

விசாரணைக் குழு மறுபடி உட்காரலாம் என்று நீதிபதி அம்மாள் சொல்லிவிட்டார். பதிவாளர் ஒரு ராத்திரி யோசித்துவிட்டு வந்து சிரித்த முகமாக, "சரி, முறைப்படியே செய்வோம்," என்றார். பேராசிரியரே நாற்காலியில் உட்கார்ந்தால், முறைப்படி கேட்பவர் துறையில் முதல் மதிப்பெண் வாங்கியவராக இருக்க வேண்டும். அந்தப் பருவத்தில் முதல் மதிப்பெண் இசக்கியம்மாளுக்கு. சொந்த சாட்சியத்தையே பத்தொன்பது நிமிடத்தில் கைவிட்டவளுக்கு வேறென்ன போடுவார்கள்? கூற்று என்ன என்பது கேட்பவருக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது என்பதும் விதி. ஆகவே உறையை ஒட்டி வைத்தார்கள். மாசிலாமணி மறுப்புச் சொல்லவில்லை. அந்த விதிகளை எழுதியவரே அவர்தான்.

ஒன்பது நாள் பொட்டு இல்லாமல் இருந்தார். ஏதாவது வரும் என்று காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் படுக்கையிலேயே கிடந்து பார்ப்பார். பல் வலிக்கிறதா என்று நாக்கால் தடவிப் பார்ப்பது போலத்தான். வரவில்லை. புஷ்பத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அவர் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

புதன்கிழமை விசாரணைக்கு முன் காரிடாரில் இசக்கியைப் பார்த்தார். தலையை இறுக்கி வாரிப் பின்னியிருந்தாள். காதுக்குப் பின்னால் வெறுமையாக இருந்தது.

"பொட்டு எங்க இசக்கி?"

"நான் ஒட்டுததில்ல சார். மூணு மாசமாச்சு."

"அன்னைக்கு விசாரணைக்கு வந்தப்ப?"

"அப்பவும் இல்ல. முதல்ல ஒரு தடவ மறந்துட்டு வந்துட்டேன். வித்தியாசமே தெரியல. அதான் விட்டுட்டேன். தப்பா சார்?"

"வலிக்கலையா?"

"எதுக்கு சார் வலிக்கணும்?" என்றாள். கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அதே அறை. நாற்காலியில் மாசிலாமணி உட்கார்ந்தார். நீதிபதி அம்மாள் இந்த முறை ஒரு போர்வை கொண்டு வந்திருந்தார். மாரிச்செல்வியை உள்ளே விட முடியாது என்று பதிவாளர் சொல்ல, கதவைத் திறந்து வைத்தால் வெளியே நின்று கேட்டுக்கொள்ளட்டும் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். இசக்கி உறையைப் பிரித்து வாசித்தாள். இரண்டாவது தடவையும் வாசித்தாள். பிறகு பேனாவைத் திறந்து ஒரு தாளில் கேள்விகளை வரிசையாக எழுதிக்கொண்டாள்.

"சம்பவம் நடந்தபோது உங்கள் அறையில் இருந்தீர்களா?"

"ஆமாம்."

"பேசியவரின் முகத்தைப் பார்த்தீர்களா?"

"இல்லை."

"குரலை வைத்து மட்டும் ஆளைச் சொல்வதில் தவறு நேரக்கூடும் என்பதை ஏற்கிறீர்களா?"

"ஆமாம்."

"அவர் மீது உங்களுக்கு முன்பே வெறுப்பு இருந்ததா?"

"ஆமாம்."

"இந்தக் கூற்றை நீங்களே ஒருமுறை பரிசோதித்துக் கைவிட்டீர்களா?"

"ஆமாம்."

நன்றாகக் கேட்டாள். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. இவளைப் போல இன்னொரு மாணவி தனக்குக் கிடைத்ததில்லை என்று மாசிலாமணிக்குத் தோன்றியது. இன்னும் மூன்று கேள்வியில் தான் எழுந்து நிற்க வேண்டியிருக்கும் என்றும் தெரிந்தது. எழுந்து நிற்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். அதற்கு ஒரு காரணமும் அவரிடம் இல்லை. கைவிட மாட்டேன் என்று ஒரு வாதமும் இல்லாமல் உட்கார்ந்திருப்பது அவருக்குப் புதிது.

"கைவிட்ட ஒன்றை இப்போது மறுபடி எடுப்பதற்குப் புதிய ஆதாரம் ஏதேனும் உண்டா?"

"ஆமாம்."

"அது இன்னொருவரின் சாட்சியமா?"

"ஆமாம்."

இசக்கியின் பேனா நின்றது. அவள் காகிதத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அந்த இன்னொருவர், அன்று படிக்கட்டில் இருந்தவரா?"

"ஆமாம்."

"அவரை நீங்கள் இந்த அறையில் விசாரித்தபோது, அதே குரல் உங்களுக்கும் கேட்டிருந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருந்ததா?"

"ஆமாம்."

பதிவாளர் செருமினார். இசக்கி உதட்டை நனைத்துக்கொண்டாள். அடுத்து வந்தது வகுப்பறைத் தமிழ் இல்லை.

"அப்ப எனக்குக் கேட்டது நெசந்தானா சார்?"

"ஆமாம்," என்றார் மாசிலாமணி.

"அடுத்த கேள்வியக் கேளும்மா," என்றார் பதிவாளர்.

இசக்கி காகிதத்தைத் திருப்பினாள். மறுபடி முன்பக்கம் திருப்பினாள். எழுதி வைத்திருந்த கேள்விகள் அதில் இன்னும் நாலைந்து இருந்தன, மாசிலாமணி உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. எல்லாமே நல்ல கேள்விகளாகத்தான் இருக்கும்.

"இல்ல சார்."

"என்ன இல்ல?"

"கேள்வி இல்ல."

"ஏம்மா, தாள்ல எழுதி வெச்சிருக்கியே?"

"கேக்க மாட்டேன் சார்."

நீதிபதி அம்மாள் போர்வையை விலக்கிக்கொண்டு, "கேள்வி தீர்ந்தா கூற்று நிக்கும்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எழுத ஆரம்பித்தார். பதிவாளர் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்து, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வாசலில் மாரிச்செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

இசக்கி எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்துகொண்டாள். பின்னல் முன்னால் சரிந்து விழுந்தது. மூச்சு வாங்கியது. காது இரண்டும் செக்கச்செவேலென்று ஆகிவிட்டன.

"சார்," என்றாள். "சார், வலிக்குது."

மாசிலாமணி நாற்காலியை விட்டு எழுந்து அவள் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தார். அவருக்கு இன்னும் ஒன்றும் வலிக்கவில்லை.

"எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டார்.

பதில் என்னவாக இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் சொல்லும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.